அந்தரங்கம், கேம், பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், போனை நீட்டிக்கொண்டு யாராவது வந்துவிடுவார்கள். "இதை ஆஃப் பண்ணலாமா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, "சரி, தப்பு யார் மேல்?" என்பதில் போய் நிற்கும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே. கருத்துகள் என்னுடையவை. எல்லாருக்கும் பிடிக்கும்படி சொல்ல முயலவில்லை.

மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. பிறகு எதற்குக் கவலைப்பட வேண்டும்?

"அப்படியானால் குளியலறைக் கதவைத் திறந்து வைப்பீர்களா?" என்று இதற்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். கேட்டவர் வாயை அது அடைக்கும், மனதை மாற்றாது. ஏனென்றால் அது வெட்கத்தைப் பற்றிய பதில். இங்கே பிரச்சினை வெட்கமே இல்லை.

உங்கள் போனில் இருப்பது உங்கள் வாழ்க்கை மட்டும்தானா? நூற்றுக்கணக்கான பேருடைய எண்கள், அடுத்தவர் குழந்தையின் படங்கள், நண்பர் ஒருவர் நம்பிச் சொன்ன நோய் விவரம், குடும்பக் குழுவில் நடந்த சண்டை எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. ஒரு செயலி கேட்டதும் "அனுமதி" என்று தட்டும்போது அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் தட்டுகிறீர்கள்.

2018-ல் வெளிவந்த, கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் நினைவிருக்கலாம். ஃபேஸ்புக் வழியாக ஒரு ஆளுமைப் பரிசோதனைச் செயலியில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2.7 லட்சம் பேர். ஆனால் 8.7 கோடிப் பேர் வரையிலான தகவல் அந்த நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. பயனர் அனுமதித்தால் அவருடைய நண்பர்களின் தகவலையும் செயலிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று அது முன்பு விட்டுவைத்திருந்தது. அந்தக் கோடிக்கணக்கானவர்கள் அந்தக் கேள்விகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர்களுடைய நண்பர் ஒருவர், மறைக்க ஒன்றுமில்லாதவர், பொழுதுபோக்காகவோ சில்லறைக் காசுக்காகவோ பதில் சொல்லியிருந்தார். அவ்வளவுதான்.

"மறைக்க ஒன்றுமில்லை" என்று உங்களுக்காக நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்கிறவர்களுக்காகச் சொல்ல யாரும் உங்களுக்கு உரிமை கொடுக்கவில்லை.

ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் வைத்தவர் கணக்கு திருட்டுப் போனால் அது அவர் தப்புதானே?

இதைவிடக் கடினமான கேள்வி இந்தப் பக்கத்தில் இல்லை. 2023-ல் 23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் நடந்ததை வைத்துப் பார்ப்போம்.

வேறு தளங்களிலிருந்து ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளை எடுத்து, இங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள் திருடர்கள். சுமார் 14,000 கணக்குகள் திறந்துகொண்டன. உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி ஒன்று அந்தத் தளத்தில் உண்டு. அந்த வழியாக, திறந்த கணக்குகளோடு தொடர்புடைய சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டபோது, பழைய பாஸ்வேர்டையே மறுபடி பயன்படுத்திய பயனர்களின் அலட்சியம்தான் காரணம் என்று நிறுவனத்தின் வக்கீல்கள் கடிதம் எழுதினார்கள்.

அந்த 14,000 பேர் அலட்சியமாக இருந்தார்கள் என்பது சரிதான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மீதி 68 லட்சத்துச் சொச்சம் பேர்? அவர்களில் தனிப் பாஸ்வேர்டு வைத்து ஒழுங்காக இருந்தவரின் விவரமும் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவரின் சோம்பலால் போயிருக்கும். இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு, போனுக்கு வரும் எண் போன்ற இன்னொரு சான்றையும் கேட்பது) கட்டாயம் என்று நிறுவனம் முன்பே வைத்திருந்தால், கசிந்த பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்க முடியாது. சம்பவம் முடிந்த பிறகுதான் கட்டாயமாக்கினார்கள். பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜூனில் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது.

என் அளவுகோல் எளிது: எல்லாருக்குமான சுவிட்ச் யார் கையில் இருந்ததோ, பெரிய பங்கு பொறுப்பு அவருடையது. தன் ஒரு கணக்குக்கான சுவிட்ச் மட்டும் கையில் இருந்தவருக்குச் சின்னப் பங்கு உண்டு. சின்னது என்பதால் அது இல்லாமல் போய்விடாது. அந்தச் சின்னப் பங்கைப் பெரிதாக்கிக் காட்டித் தன் பங்கை மறைப்பது நிறுவனங்களுக்குக் கைவந்த கலை. இதில் கூடுதல் கொடுமை, பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை எங்கே போய் மாற்றுவது?

சரி, பாஸ்வேர்டை எப்படி வைப்பது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்களே?

மாற்ற வேண்டாம், கசிந்தால் ஒழிய. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே இந்தக் காலக்கெடு வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போகிறார்கள். 2003-ல் பழைய விதிகளை எழுதிய பில் பர்ர், அவற்றில் பலவற்றுக்காக இப்போது வருந்துகிறேன் என்று பின்னாளில் பேட்டியே கொடுத்தார். பல அலுவலகங்கள் மட்டும் இன்னும் 2003-லேயே இருக்கின்றன.

நீளமாக வையுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் வேறாக வையுங்கள். நினைவில் நிற்காது என்பதால் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் பத்திரமாக வைத்தாலும் குற்றமில்லை. மெயில் கணக்கு மிக முக்கியம், மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் அதை வைத்து மாற்றிவிட முடியும். இரட்டைச் சரிபார்ப்பை முதலில் போட வேண்டிய இடம் அது.

நாம் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறதா? நேற்றுப் பேசினேன், இன்று அதே விளம்பரம் வந்தது.

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை எடுத்துப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து ஒலியை அனுப்பிய செயலி ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் பயனரின் திரையைப் படமாகவும் வீடியோவாகவும் பதிவுசெய்து வெளியே அனுப்பியவை சில சிக்கின. மைக்கை எண்ணிப் பயந்துகொண்டிருந்தோம், ஓட்டை வேறு பக்கம் இருந்தது.

குரல் உதவியாளர்கள் விஷயம் தனி. கூப்பிடாமலே கூப்பிட்டதாக நினைத்து விழித்துக்கொண்டு பதிவுசெய்வது நடந்திருக்கிறது. சிரியின் பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டது வெளியே வந்ததும் 2019-ல் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பிறகு ஒரு வழக்கில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 9.5 கோடி டாலருக்குச் சமாதானம் பேசியது.

விளம்பரத்துக்கு வருவோம். நீங்கள் யாரோடு பேசினீர்களோ அவர் வீட்டுக்குப் போனதும் அந்தப் பொருளைத் தேடியிருப்பார். இருவரும் ஒரே வைஃபையில் இருந்தீர்கள், ஒரே இடத்தில் இருந்தீர்கள், ஒருவர் எண் மற்றவரிடம் இருக்கிறது. அவருக்குப் பிடித்தது உங்களுக்கும் பிடிக்கலாம் என்று ஊகிக்க இவ்வளவு போதும். உங்களுக்குச் சம்பந்தமில்லாமல் வந்த ஐம்பது விளம்பரங்களை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் ஒரு காரணம். ஒட்டுக்கேட்காமலே இவ்வளவு தெரிகிறது என்பதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

பிரவுசரில் வரலாறு சேமிக்காத இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதல்லவா?

அதே போனை எடுத்துப் பார்க்கிறவருக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் தளத்துக்கும், இணைய இணைப்புக் கொடுப்பவருக்கும், அலுவலக நெட்வொர்க்குக்கும் தெரியலாம். கூகுள் மேல் 2020-ல் போட்ட வழக்கு 2024-ல் சமாதானத்தில் முடிந்தபோது, இன்காக்னிட்டோ பயனர்கள் தொடர்பான கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது பூட்டப்பட்டிருக்கிறது என்கிறார்களே, நம்பலாமா?

செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை நம்பலாம். 2016 முதல் எல்லாருக்கும் முனைக்கு முனை குறியாக்கம் இருக்கிறது, நடுவில் வாட்ஸ்அப் நிறுவனமே படிக்க முடியாது. யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினார்கள் என்பது அந்தப் பூட்டுக்குள் வராது. மேகச் சேமிப்பில் எடுக்கும் பேக்கப்புக்கும் அதே பூட்டைப் போடும் வசதி 2021-ல் வந்தது. ஆனால் அதை நீங்களாக ஆன் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப் என்று போய்ப் பாருங்கள்.

எந்தக் குறியாக்கத்தாலும் தடுக்க முடியாத ஆள் ஒருவர் இருக்கிறார், எதிர்முனையில் இருப்பவர். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவில் போட ஒரு நொடி போதும். இங்கே நிறுவனத்தைக் குறை சொல்ல வழியே இல்லை. தனிப்பட்ட முறையில் ஒருவர் எழுதியதைக் கேட்காமல் பகிர்கிறவரை நான் பாஸ்வேர்டு திருடனுக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். "நல்லதுக்குத்தான் அனுப்பினேன்" என்பார்கள். நல்லதுக்கு என்றால் கேட்டுவிட்டே அனுப்பலாமே.

நிபந்தனைகளை யாராவது படிக்கிறார்களா?

யாரும் படிப்பதில்லை. படிக்கவும் முடியாது. ஓர் ஆண்டில் ஒருவர் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை முழுதாகப் படிக்க 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று 2008-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு தளங்களும் கூடின, பக்கங்களும் கூடின.

2010-ல் பிரிட்டனின் கேம்ஸ்டேஷன் என்ற கேம் கடை, முட்டாள்கள் தினத்தன்று தன் நிபந்தனைகளுக்குள் ஒரு வரியைச் செருகியது: வாங்குகிறவரின் அழியாத ஆன்மா கடைக்குச் சொந்தம். ஆயிரக்கணக்கானோர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வேண்டாம் என்று குறி போட்டவருக்குத் தள்ளுபடிக் கூப்பன் வேறு வைத்திருந்தார்கள்.

இதில் "படிக்காதது உன் தப்பு" என்று பயனரைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதப்பட்டதற்குப் பெயர் சம்மதம் இல்லை. படிப்பதற்குப் பதிலாக, மாதம் ஒருமுறை எந்தச் செயலிக்கு இருப்பிடம், மைக், தொடர்புகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். டார்ச் லைட் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு?

துப்பாக்கிச் சண்டை கேம் ஆடினால் பிள்ளைகள் வன்முறைக்குப் போவார்களா?

நேரடித் தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தெளிவாகவே சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற சிறிய மூர்க்கத்துக்குச் சிறிய தொடர்பு தெரிகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கொடூரச் சம்பவம் ஒன்று நடந்ததும் கேமைக் கைகாட்டுவது, மற்ற காரணங்களைத் தேடாமல் தப்பிக்க வசதியான வழி. அதற்காக வயது முத்திரையைப் பார்க்காமல் பெரியவர்களுக்கான கேமை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எத்தனை மணி நேரம் ஆடினால் அடிமை?

மணிக்கணக்கு தப்பான அளவுகோல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேமிங் கோளாறு அதில் இருக்கிறது, மணி எண்ணிக்கை இல்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிப்போவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். படிப்பு, வேலை, உறவு கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது அப்படி நீடித்திருக்க வேண்டும். விடுமுறையில் நாள் முழுக்க ஆடிவிட்டு, பள்ளி திறந்ததும் விட்டுவிடுகிற பிள்ளை இதில் வராது.

சீனா 2021-ல் மணிக்கணக்கையே சட்டமாக்கியது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரை ஆன்லைன் கேம். பெரியவர்கள் பெயரில் உள்ள கணக்கு வழியாக ஆடுவது உடனே ஒரு தலைவலியாக எழுந்தது. பிள்ளை எவ்வளவு நேரம் ஆடியது என்பதைவிட, ஆடாத நேரத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, வேறு எதைப் பற்றியாவது பேசுகிறதா?

பையன் கேமில் பணத்தை அழித்துவிட்டான். யாரைத் திட்டுவது?

முதலில் அவனைத் திட்டாதீர்கள். அந்தக் கேம் எப்படி வடிவமைக்கப்பட்டது என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ், 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு மொத்தம் 52 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதில் 24.5 கோடி டாலர், தெரியாமல் வாங்கவைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளைப் படித்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். பட்டன்கள் குழப்பமாக அமைக்கப்பட்டிருந்ததால் ஒரே அழுத்தலில் பணம் போனது. உறக்க நிலையிலிருந்து கேமை எழுப்பும்போதும், அது லோடு ஆகும்போதும்கூட வாங்கிவிட நேர்ந்தது. 2018 வரை பெற்றோர் அனுமதி கேட்காமலே சேமித்துவைத்த கார்டில் பிள்ளைகள் வாங்க முடிந்தது. பணம் போனதை எதிர்த்து வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கையே முடக்கினார்கள்.

லூட் பாக்ஸ் இன்னொரு வகை. காசு கொடுத்து மூடிய பெட்டியை வாங்குவது, உள்ளே என்ன என்பது திறந்த பிறகுதான் தெரியும். எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் ஓர் உயிர் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் இதே கணக்கில்தான். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லா நாடும் அப்படிச் செய்யவில்லை. பல இடங்களில் அது இன்னும் பொம்மைதான்.

பெற்றோருக்குப் பங்கே இல்லையா? உண்டு. கார்டைச் சேமித்துவைத்தது நீங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்க எல்லா ஆப் கடையிலும் வழி இருக்கிறது. பணம் போன உடனே கடையிடம் திரும்பக் கேளுங்கள், சிறுவர் வாங்கியது என்று சொன்னால் பல சமயம் தருவார்கள். பிறகு பையனையே பக்கத்தில் உட்காரவைத்து, எந்த இடத்தில் வாங்கத் தோன்றியது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தத் திரையில் கீழிறங்கும் கடிகாரமும், "இன்று மட்டும்" என்ற வரியும், உண்மையான விலையை மறைக்கும் வைர நாணயங்களும் இருக்கும். வளர்ந்தவர்களுக்கும் கை அரிக்கும்.

காசு கொடுத்து வாங்கிய கேம் என்னுடையதுதானே?

பெரும்பாலும் இல்லை. வாங்கியது ஆடுவதற்கான உரிமம் மட்டும். யூபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்ட த க்ரூ என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவைப்பட்டதால், டிஸ்க் வைத்திருந்தவருக்கும் கேம் போச்சு. அதன் பிறகு கிளம்பிய "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமத்தை மட்டும் விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சொல்லாமல் "வாங்கு" என்று பட்டன் வைக்கக் கூடாது.

சர்வர் செலவு என்றென்றைக்கும் ஓடாது என்பது நியாயம்தான். மூடும்போது, ஆடுகிறவர்களே தனியாக நடத்திக்கொள்ள ஒரு வழி விட்டுப் போனால் என்ன என்பதே என் கேள்வி.

பிள்ளையின் போனைப் பெற்றோர் பார்க்கலாமா?

சிறு வயதில் பார்க்கலாம், பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு. பதினைந்து, பதினாறு வயதில் தெரியாமல் வேவுச் செயலி போடுவதை நான் எதிர்க்கிறேன். பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு உண்மையான ஆபத்து வரும்போது உங்களிடம் வராது. உங்கள் பிள்ளையின் செய்திகள் அந்தச் செயலிக்காரர் சர்வரில் போய் உட்காருவது வேறு.

பெற்றோர் பக்கம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று: பிள்ளை பிறந்த நாள் முதல் அதன் படத்தையும் பெயரையும் பள்ளியையும் ஊரறியப் போட்டுவைத்தது யார்? அதற்குச் சம்மதம் சொல்லும் வயது வந்ததும், எதை நீக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நான் ஒருவன் கவனமாக இருந்து என்ன ஆகப்போகிறது?

தனி ஆளின் மன உறுதியைவிட, முதலில் எது ஆன் செய்யப்பட்டு வருகிறது என்பதற்குத்தான் பலம் அதிகம். விளம்பரத்துக்காகச் செயலிகள் நம்மைப் பின்தொடரும் வசதியை அணைக்கும் வழி ஐபோனில் ஆண்டுக்கணக்காக இருந்தது, செட்டிங்ஸின் ஆழத்தில். 2021 ஏப்ரலில் ஆப்பிள் அதைக் கண்முன் கேள்வியாக்கியது: இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா? ஏராளமானோர் வேண்டாம் என்றார்கள். இதனால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முதலீட்டாளர்களிடம் சொன்னது. ஆப்பிளும் விளம்பரம் விற்கிற நிறுவனம்தான், தர்மத்துக்காகச் செய்தது என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் மக்களுக்கு அக்கறை இல்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தது பொய் என்று தெரிந்தது. அதுவரை யாரும் அவர்களை நேராகக் கேட்கவே இல்லை.

அதனால் உங்கள் கவனத்தில் ஒரு பாதியைச் செட்டிங்ஸுக்குக் கொடுங்கள். மறு பாதியை, சட்டம் வரும்போது கருத்துச் சொல்வதற்கும், அலுவலகத்திலோ பள்ளியிலோ புதுச் செயலியைத் திணிக்கும்போது "இது எதற்கு, தகவல் எங்கே போகிறது?" என்று எழுந்து கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஒரு குழுவுக்கு அட்மின் என்றால் அங்கே சுவிட்ச் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பழைய போனை விற்கப்போகிறேன். படங்களை அழித்தால் போதுமா?

போதாது. பேக்கப் எடுத்துக்கொண்டு, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, ஃபேக்டரி ரீசெட் (போனைப் புதிதாக வந்த நிலைக்குத் திருப்புவது) செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவருக்குப் போன் திறக்காமல் போகலாம், உங்களைத்தான் கூப்பிடுவார். அண்மை ஆண்டுகளின் போன்களில் சேமிப்பு முழுதும் குறியாக்கம் ஆகியிருப்பதால் ரீசெட்டுக்குப் பிறகு மீட்பது மிகக் கடினம். மிகப் பழைய போன் என்றால், முதலில் செட்டிங்ஸில் குறியாக்கத்தை ஆன் செய்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். சிம்மை எல்லாரும் ஞாபகமாக எடுத்துவிடுகிறார்கள். மெமரி கார்டைத்தான் அப்படியே விட்டுவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.